தான், தான்: பிசெத்ர் மருத்துவமனையில் 21 ஆண்டு

1861 ஏப்ரல் 11 அன்று, பாரிஸின் தெற்குப் புறத்தில் இருந்த பிசெத்ர் மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்கு 51 வயது நோயாளி ஒருவரைத் தூக்கி வந்தார்கள். வந்தது காலுக்காக. வலது காலில் புறங்காலிலிருந்து புட்டம் வரை சீழ் பிடித்து அழுகியிருந்தது. இவ்வளவு தூரம் முற்றும்வரை யாரும் பார்க்காததற்குக் காரணம் உண்டு. ஏழு வருடமாகப் படுத்த படுக்கையாக இருந்தவர் அவர். வலப்பக்கம் செயலிழந்து, உணர்ச்சியும் மங்கியிருந்தது. படுக்கையை நனைக்கிற ஆளும் அல்ல, அதனால் விரிப்பை வாரம் ஒருமுறைதான் மாற்றுவார்கள். அப்படி ஒருநாள் மாற்றும்போதுதான் காலின் நிலை கண்ணில் பட்டது.

பிரிவின் அறுவை மருத்துவர் பால் புரோக்கா. வயது 36. புதிதாக வந்தவரிடம் என்ன செய்கிறது, எப்போதிலிருந்து என்று வழக்கம்போல விசாரித்தார். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே பதில் வந்தது: "தான், தான்." எப்போதும் இரண்டு முறை. கூடவே இடது கையால் விதவிதமான சைகைகள்.

பிரெஞ்சில் இந்த ஒலி மூக்கால் வரும். தமிழில் எழுதினால் நம் கண்ணுக்கு அது 'நான்தான்', 'அவன்தான்' என்பதில் வரும் 'தான்' ஆகிவிடுகிறது. வெறும் தற்செயல்தான். ஆனாலும் இந்த நோயாளியைப் பற்றி முதலில் படித்தபோது, தன்னைத்தானே சுட்டிக் காட்டிக்கொண்டே இருக்கிறாரோ என்று ஒரு கணம் தோன்றியது. மருத்துவமனையில் எல்லோரும் அவரை அந்த ஒலியாலேயே அழைத்தார்கள். பாடப்புத்தகங்களிலும் அதே பெயர்தான் நிலைத்துவிட்டது. உண்மைப் பெயர் லூயி விக்தோர் லெபோர்ன். புரோக்கா தன் அறிக்கையில் குடும்பப் பெயரைக் குறிப்பிட்டிருந்தார். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆறே நாளில் அவர் இறந்தார். அந்த ஆறு நாளில் கேட்ட கேள்விகளும், ஏழாம் நாள் எடுத்த மூளையும்தான் அஃபேசியா ஆய்வின் முதல் பெரிய ஆவணம். மூளைப் பாதிப்பால் மொழி பறிபோவதைத்தான் அஃபேசியா என்கிறோம். நம் பக்கம் 'வாதம் அடித்துப் பேச்சு போய்விட்டது' என்று சொல்லி விட்டுவிடுவோமே, அதில் ஒரு பகுதி இதுதான்.

500 ஃபிராங்க் பந்தயம்

காலுக்கு வைத்தியம் பார்க்க வேண்டியவர் பேச்சைப் பற்றி ஏன் துருவித் துருவிக் கேட்டார்? அதற்கு ஒரு வாரம் முன்பு நடந்த சண்டையைச் சொல்ல வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபிரான்ஸ் யோசஃப் கல் என்ற மருத்துவர், மனத்தின் ஒவ்வொரு திறனுக்கும் மூளையில் தனித்தனி இடம் உண்டு என்றார். மனப்பாடத்தில் கெட்டிக்காரர்களாக இருந்த பள்ளித் தோழர்களுக்குக் கண்கள் துருத்தியிருந்ததாம். ஆகவே சொல் நினைவு கண்ணுக்குப் பின்னால், மூளையின் முன்பகுதியில் இருக்கிறது என்பது அவர் கணக்கு. இது வளர்ந்து, மண்டையைத் தடவிக் குணம் சொல்லும் வித்தையாகிச் சந்தைக்கு வந்தது, பெயரும் கெட்டது. எதிர்த்தரப்பில் பியேர் ஃப்ளூரான்ஸ் பறவைகளின் மூளையைச் சிறிது சிறிதாக அகற்றிப் பார்த்துவிட்டு, பெருமூளை முழுவதும் ஒன்றாகத்தான் இயங்குகிறது என்றார். கல்விக்கூடங்கள் ஃப்ளூரான்ஸ் பக்கம் நின்றன.

ஆனால் ஜான் பத்தீஸ்த் பூயோ என்ற பாரிஸ் மருத்துவர் விடவில்லை. மண்டையைத் தடவுவதெல்லாம் சரிப்படாது, பேச்சிழந்து இறந்தவர்களின் மூளையைத் திறந்து பார்ப்போம் என்றார். பேச்சு மூளையின் முன்மடல்களில் இருக்கிறது என்று 1825-இல் எழுதினார். 1848-இல் ஒரு பந்தயமும் கட்டினார்: இரு முன்மடல்களும் பலமாகச் சிதைந்தும் பேச்சு கெடாமல் இருந்த நோயாளி ஒருவரைக் காட்டுங்கள், 500 ஃபிராங்க் தருகிறேன்.

மாமனார் விட்ட இடத்தில் மருமகன் பிடித்துக்கொண்டார். பூயோவின் மருமகன் எர்னஸ்த் ஓபுர்த்தன், புரோக்கா 1859-இல் நிறுவிய மானுடவியல் சங்கத்தில் உறுப்பினர். 1861-இன் தொடக்கத்தில் மூளையின் அளவுக்கும் அறிவுக்கும் தொடர்பு உண்டா என்ற விவாதம் அங்கே சூடாக நடந்துகொண்டிருந்தது. ஓபுர்த்தன் ஒரு நோயாளியைப் பற்றிச் சொன்னார். தற்கொலை செய்துகொள்ள நெற்றியில் சுட்டுக்கொண்ட ஒருவர் சேன் லூயி மருத்துவமனையில் சில மணி நேரம் உயிரோடு இருந்தார். நெற்றி எலும்பு போய், மூளையின் முன்பகுதி வெளியே தெரிந்தது. அவர் பேசிக்கொண்டிருக்கும்போது தட்டையான கருவியால் அதை லேசாக அழுத்தினால் பேச்சு பாதி வார்த்தையில் நின்றது. கையை எடுத்ததும் தொடர்ந்தது. இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு அனுமதி தராது, தரவும் கூடாது.

ஏப்ரல் 4-ஆம் தேதிக் கூட்டத்தில் ஓபுர்த்தன் சவால் விட்டார். பேச்சிழந்து இறந்த ஒருவரின் முன்மடலில் பாதிப்பு இல்லை என்று ஒரே ஒரு நோயாளியில் காட்டிவிட்டாலும் என் கருத்தைக் கைவிடுகிறேன் என்றார். அடுத்த வியாழக்கிழமை லெபோர்ன் புரோக்காவின் வார்டுக்கு வந்து சேர்ந்தார்.

படுக்கையருகே

நோயின் வரலாற்றை புரோக்கா துண்டு துண்டாகச் சேகரித்தார். சக நோயாளிகளிடமும் பணியாளர்களிடமும் விசாரித்ததில் கிடைத்தது இவ்வளவு.

சிறு வயதிலிருந்தே வலிப்பு. ஆனாலும் தொழில் கற்று, செருப்பு தைப்பவர்களுக்கான மர அச்சு செய்து பிழைத்தார். 30 வயதில் பேச்சு போனது. இரண்டு மூன்று மாதம் கழித்து பிசெத்ரில் சேர்த்தார்கள். அப்போது பேச்சைத் தவிர ஒரு குறையும் இல்லை. நடந்தார், சொன்னதையெல்லாம் புரிந்துகொண்டார். பத்து வருடம் கழித்து வலக்கை மெல்ல மெல்லச் செயலிழந்தது. அடுத்து கால். நான்கு வருடத்தில் படுக்கையில் விழுந்துவிட்டார்.

வார்டில் அவருக்கு நல்ல பெயர் இல்லை. சுயநலக்காரர், வஞ்சம் வைப்பவர், திருடுகிறவர் என்றுகூடச் சொன்னார்கள். நாலு பேர் நடுவில் 21 வருடம் ஒரே ஓர் அசையோடு வாழ்ந்தால் யாருக்குத்தான் கோபம் வராது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தக் கோபத்துக்கு ஒரு விசேஷம் இருந்தது. தன் சைகை பிறருக்குப் புரியாமல் போய் ஆத்திரம் தலைக்கேறும்போது மட்டும் அவர் வாயிலிருந்து முழுசாக ஒரு வசவு வரும். கடவுள் பெயரை இழுத்துச் சொல்லும் பிரெஞ்சு வசவு. வேண்டுமென்று சொல்லச் சொன்னால் வராது.

புரோக்கா செய்த பரிசோதனை சின்னது. உடல்நிலை அவ்வளவு மோசமாக இருக்கும்போது நீண்ட நேரம் துன்புறுத்துவது கொடுமை என்று அவரே எழுதியிருக்கிறார். ஆனால் கேள்விகளைத் தேர்ந்த விதம் அருமை. முதலில் வாயைப் பார்த்தார். நாக்கு எல்லாப் பக்கமும் தடையில்லாமல் அசைந்தது. குரலின் தன்மை இயல்பாக இருந்தது. 'தான்' என்ற அசை தெளிவாக வந்தது. ஆக, பேசும் கருவி பழுதாகவில்லை. காதும் கேட்கிறது.

சரி, புத்தி? பிசெத்ருக்கு வந்து எத்தனை வருடம் என்று கேட்டார். லெபோர்ன் இடது கையை விரித்து விரித்து நான்கு முறை காட்டினார், பிறகு ஒற்றை விரல். இருபத்தொன்று. கணக்குச் சரி. மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். மூன்றாவது முறை கேட்டதும் இது சோதனை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. மருத்துவர் என்றும் பாராமல் அந்த வசவை எடுத்து விட்டார். தன் காதால் அதைக் கேட்டது அந்த ஒரு தடவைதான் என்று புரோக்கா பதிவு செய்கிறார். இருபத்தொன்று என்ற சரியான விடையைவிட இந்த மூன்றாவது பதில்தான் எனக்கு நல்ல சான்றாகப் படுகிறது. தன்னை மட்டம் தட்டுகிறார்கள் என்று உணர நிறையப் புத்தி வேண்டும்.

கைக்கடிகாரம் பரவாத காலம். புரோக்கா தன் பைக் கடிகாரத்தைக் காட்டினார். அதில் நொடிமுள் ஓடவில்லை, மூன்று முட்களையும் வடிவத்தையோ நீளத்தையோ வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும். ஆனாலும் கவனித்துப் பார்த்துவிட்டு மணியைச் சரியாகக் காட்டினார். எந்த வரிசையில் பாதிப்பு வந்தது என்று கேட்டால் இடது விரலால் முதலில் நாக்கைத் தொட்டார், பிறகு வலக்கை, பிறகு வலக்கால்.

பிசகிய இடங்களையும் புரோக்கா மறைக்கவில்லை. சில கேள்விகளுக்குச் சைகையிலேயே பதில் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. பிள்ளை குட்டி இல்லாத மனிதர், பிள்ளைகள் இருப்பதாகக் காட்டினார். தன் முடிவுக்கு இடைஞ்சலான குறிப்பையும் அறிக்கையில் விட்டுவைத்தது பெரிய விஷயம்.

இன்னொரு காரியமும் செய்தார். நோயாளி உயிரோடு இருக்கும்போதே ஓபுர்த்தனை வரவழைத்துக் காட்டி, இந்த ஆளின் மூளையில் என்ன இருக்கும், இவரை உங்கள் சவாலுக்கு நியாயமான சோதனையாக ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்டார். பாதிப்பு முன்மடலில்தான் தொடங்கியிருக்க வேண்டும் என்று ஓபுர்த்தன் தயங்காமல் சொன்னார். திறந்து பார்த்தபிறகு 'நான் அப்போதே சொன்னேன்' என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். இங்கே கணிப்பு முன்கூட்டியே பதிவாகிவிட்டது.

கோழிமுட்டை அளவு குழி

ஏப்ரல் 17 காலை 11 மணிக்கு லெபோர்ன் இறந்தார். பிரேதப் பரிசோதனைக்குப் பின், மறுநாளே மூளை மானுடவியல் சங்கத்தின் மேஜைமேல் இருந்தது.

இடது முன்மடலில், மேற்பரப்பு மடிப்புகளில் மூன்றாவதைச் சுற்றி, கோழிமுட்டை கொள்ளும் அளவுக்குக் குழி, அதில் தெளிந்த நீர். நீரை வடித்தபின் மூளையின் எடை 987 கிராம், அந்த வயது ஆண்களின் சராசரியைவிட ஏறக்குறைய 400 கிராம் குறைவு. சேதம் ஒரு மடிப்போடு நிற்கவில்லை. பக்கத்து மடிப்புகள், ஆழத்தில் இருக்கும் இன்சுலா, அதற்கும் உள்ளே உள்ள பகுதிகள் வரை மூளை இளகிக் கிடந்தது.

இங்கேதான் சிக்கல். இவ்வளவு பெரிய சேதத்தில் பேச்சைக் கொன்றது எந்த இடம்? புரோக்கா நோயின் வரலாற்றை வைத்து வாதிட்டார். முதல் பத்து வருடம் பேச்சு மட்டும்தான் போயிருந்தது, கைகால் பிறகு வந்தது. ஆகவே எது முதலில் அழிந்ததோ அதுவே பேச்சின் இடம். சேதம் அதிகமாக உள்ள இடமே பழைய இடமாக இருக்க வேண்டும். அது இடது மூன்றாவது முன்மடிப்பு. வாதம் அழகானது. ஆனால் மொத்தமும் ஓர் ஊகத்தின்மேல் நிற்கிறது: நோய் ஒரு புள்ளியில் தொடங்கி, எண்ணெய்க் கறை போலச் சீராகப் பரவியது என்ற ஊகம். அதற்குச் சாட்சி, வார்டில் நாலு பேர் நினைவிலிருந்து சொன்ன பத்து வருடக் கணக்கு.

அடுத்து மூளையைத் துண்டு துண்டாக அறுத்து, சேதத்தின் எல்லையைத் துல்லியமாகப் பார்ப்பதுதான் வழக்கம். புரோக்கா செய்யவில்லை. முழுசாகச் சாராயத்தில் போட்டு அருங்காட்சியகத்தில் வைத்தார். அவருடைய முடிவின் பலவீனமும் இதுதான், பிற்காலத்துக்குக் கிடைத்த கொடையும் இதுதான்.

லெலோன், பிறகு இடப்பக்கம்

அதே ஆண்டு அக்டோபர் 27 அன்று 84 வயதான லெலோன் விழுந்து தொடை எலும்பு முறிந்து, அதே வார்டுக்கு வந்தார். ஒன்றரை வருடம் முன்பு மயங்கி விழுந்ததிலிருந்து அவருக்கு ஐந்தே சொற்கள்: ஆம், இல்லை, எப்போதும், மழலையாக 'மூணு', அப்புறம் தன் பெயரில் பாதி. எண் எதைக் கேட்டாலும் வாய் 'மூணு' என்றது, விரல்கள் உண்மையைச் சொன்னன. எத்தனை பிள்ளைகள்? 'மூணு' என்று நான்கு விரல். ஆண் எத்தனை? 'மூணு' என்று இரண்டு விரல். கடிகாரத்தைக் காட்டியபோதும் 'மூணு', பத்து விரல். மணி பத்து. என்ன வேலை பார்த்தீர்கள் என்றதற்கு மண்வெட்டியை எடுத்து மண்ணில் குத்தி அள்ளிப் போடுவதுபோல் நடித்துக் காட்டினார். மண் வேலை செய்தவர் அவர். 12 நாளில் இறந்தார். மூளையில் சேதம் சின்னது, ஏறக்குறைய அதே இடத்தில். தனக்கு மலைப்பாக இருந்தது என்ற தொனியில் புரோக்கா எழுதுகிறார்.

தனி ஆதாரமாகப் பார்த்தால் லெலோன்தான் லெபோர்னைவிட வலுவானவர், பாதிப்பு அவ்வளவு குறுகியது. வரலாறு ஏனோ முதல் ஆளையே பிடித்துக்கொண்டது. 'தான்' என்ற ஒலிக்கு இருக்கும் கவர்ச்சி 'மூணு'க்கு இல்லை போல.

1863-இல் புரோக்காவிடம் எட்டு மூளைகளின் விவரம் சேர்ந்தது. எட்டும் இடப்பக்கம். இதிலிருந்து முடிவு சொல்லத் துணியமாட்டேன், இன்னும் காத்திருப்போம் என்றார். 1865-இல்தான் நாம் இடது அரைமூளையால் பேசுகிறோம் என்று வெளிப்படையாக எழுதினார். அதற்குள் யார் முதலில் சொன்னது என்று ஒரு சண்டை. தெற்கு பிரான்சின் சொமியேர் என்ற சிற்றூரின் மருத்துவர் மார்க் டாக்ஸ், பேச்சிழப்பு இடப்பக்கச் சேதத்தோடு வருகிறது என்று 1836-லேயே கட்டுரை எழுதியிருந்தார். மறுவருடம் இறந்துபோனார். மகன் குஸ்தாவ் அதைத் தன் கட்டுரையோடு சேர்த்து 1863 மார்ச்சில் மருத்துவக் கழகத்துக்கு அனுப்பினார். அச்சில் வந்தது 1865-இல். 1836-இல் மோன்பெலியே நகரில் நடந்த மருத்துவ மாநாட்டில் அது வாசிக்கப்பட்டதா என்று புரோக்கா விசாரித்தார், யாருக்கும் நினைவில்லை. மகனுக்கு மனக்கசப்பு கடைசிவரை தீரவில்லை. பட்டிக்காட்டு மருத்துவரின் காகிதம் தலைநகரில் தூங்குவது அந்த ஊரில் மட்டும் நடப்பது இல்லை.

பெயர் வைப்பதிலும் தகராறு. புரோக்கா 'அஃபெமி' என்றார். 1864-இல் அர்மான் துரூசோ, கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்கு அவப்பெயர் என்று பொருள் வரும் எனச் சொல்லி 'அஃபேசி' என்று மாற்றினார். துரூசோவின் பெயர் நின்றது. 1865 விவாதத்தில் பூயோவின் 500 ஃபிராங்க்கும் திரும்பி வந்தது: முன்மடல்களைக் கட்டி தின்றுவிட்ட பிறகும் வாய் ஓயாமல் பேசிய ஒரு பொய்முடி செய்பவரைக் காட்டி, அறுவை மருத்துவர் வெல்போ பணத்தைக் கேட்டார்.

மறுவாசிப்பு

பேச்சு வராத நோயாளியை மட்டும் பார்த்தால் பாதிப் படம்தான். சரளமாகப் பேசியும் சொற்கள் தாறுமாறாகி, பிறர் பேச்சும் புரியாமல் போகும் வகையை 1874-இல் கார்ல் வெர்னிக்கே விவரித்தார். அப்போது அவருக்கு 26 வயது. அது மூளையில் இன்னும் பின்னால், காதுக்கு அருகான மடலில் நேரும் சேதம். மொழிக்கு ஒரே வீடு என்ற எண்ணம் அங்கே உடைந்து, வீடுகளும் அவற்றை இணைக்கும் வழிகளும் என்றானது.

லெபோர்னின் வசவுக்கு விளக்கம் லண்டனிலிருந்து வந்தது. ஹியூலிங்ஸ் ஜாக்சன், கருத்தைக் கட்டிச் சொல்லும் பேச்சு வேறு, உணர்ச்சியில் தானாகத் தெறிக்கும் பேச்சு வேறு என்று பிரித்தார். நம் வீடுகளிலும் பார்த்திருப்போம். பக்கவாதம் வந்து தண்ணீர் என்று கேட்க முடியாதவர் வலித்தால் 'அய்யோ அம்மா' என்பார், கூடவே பாடினால் பழகிய பாட்டின் வரிகளைப் பாடுவார், ஒன்று இரண்டு மூன்று என்று தொடங்கிவைத்தால் பத்துவரை எண்ணுவார். 'வேண்டுமென்றே பேசாமல் இருக்கிறார்' என்று வீட்டார் சொல்வது இதைப் பார்த்துத்தான்.

கடுமையான தாக்குதல் 1906-இல் வந்தது, அதுவும் அதே பிசெத்ரிலிருந்து. நரம்பியல் மருத்துவர் பியேர் மரீ, இடது மூன்றாவது முன்மடிப்புக்கு மொழியில் எந்தத் தனிப் பங்கும் இல்லை என்று அறிவித்தார். லெலோன் மூப்பால் மூளை சுருங்கிய கிழவர், லெபோர்னின் சேதம் அந்த மடிப்பைத் தாண்டி எங்கோ போகிறது என்பது அவர் வாதம். முதல் பாதி கொஞ்சம் அநியாயம். இரண்டாவது பாதி நியாயமான கேள்வி. விடை குப்பிக்குள் இருந்தது, அறுக்காமல்.

2007-இல் நீனா டிரோங்கர்ஸும் பிரெஞ்சு ஆய்வாளர்களும் இரண்டு மூளைகளையும் எம்.ஆர்.ஐ. எடுத்த முடிவுகளை வெளியிட்டார்கள். லெபோர்னுக்கு இன்சுலாவும் ஆழத்துப் பகுதிகளும் சிதைந்திருந்தன. முன்மடலைப் பின்பகுதிகளோடு இணைக்கும் நீண்ட நரம்புக் கட்டும் போயிருந்தது. லெலோனின் சேதம் குறுகியதுதான், ஆனால் அவருக்கும் அந்தக் கட்டு பாதிக்கப்பட்டிருந்தது. இன்று புரோக்காவின் பெயரால் பாடப்புத்தகம் வண்ணம் தீட்டும் பகுதியும், இந்த இருவரின் மூளையில் அழிந்த பகுதியும் அப்படியே ஒன்றல்ல. மேற்பரப்பை மட்டும் பார்த்தவருக்கு மேற்பரப்புதான் தெரிந்தது.

நோயாளி யார் என்பதற்கு இன்னும் ஆறு வருடம் ஆனது. 2013-இல் போலந்து வரலாற்றாய்வாளர் செசாரி தொமான்ஸ்கி ஆவணங்களைத் தேடி, முழுப் பெயரையும் பிறந்த ஊரையும் வெளியிட்டார். 1809-இல் மொரே என்ற ஊரில் பிறந்தவர், தந்தை பள்ளி ஆசிரியர். எழுத்தறிவில்லாத ஏழை என்று பலர் எழுதிவந்த ஆளின் குடும்பம் படித்த குடும்பம். அந்த ஊரில் தோல் பதனிடும் மரப்பட்டையை அரைக்கும் ஆலைகள் இருந்தன. அந்தப் பட்டைத் தூளுக்குப் பிரெஞ்சில் 'தான்' என்று பெயர். சின்ன வயதுச் சொல் ஒன்று மிச்சமாகி நின்றிருக்கலாம் என்கிறார் தொமான்ஸ்கி. இருக்கலாம். லெபோர்னிடம் இதைக் கேட்டிருந்தாலும் பதில் அதே இரண்டு அசைதான்.

மூளை நெடுங்காலம் பாரிஸின் துப்புயித்ரான் அருங்காட்சியகத்தில் இருந்தது. 2016-இல் அது மூடப்பட்டபோது சேகரிப்பை ஜூசியு பல்கலைக்கழக வளாகத்துக்குக் கொண்டுபோனார்கள்.